முழு நாக்அவுட்டா, க்ரீ-லாக்ஸா, ஒற்றை அமினோ அமில மாற்றமா: யுபிக்விட்டின் நொதிக்கு எந்தச் சுண்டெலி?

போன வாரம் சிங்கப்பூரின் புவன விஸ்தா எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, என் நொதிக்கு எந்த எலியைச் செய்யச் சொல்றீங்க? அடுத்த மாசம் திட்டம் எழுதிக் கொடுக்கணும்." முனைவர் படிப்பு நான்கு வருடம். எலியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அதில் பாதி போய்விடும். தே தாரே ஆறிப்போகிற வரை பேசினோம். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அவளுடைய நொதி ஈ3 வகை. யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலக் குட்டிப் புரதத்தை வேறொரு புரதத்தின்மேல் ஒட்டுகிற வேலை. சங்கிலியாக ஒட்டிவிட்டால், பெரும்பாலும் அந்தப் புரதத்தைச் செல் சிதைத்துவிடும். இதைக் கண்டறிந்த சீச்சானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று ஆள் பார்ப்பது ஈ3 நொதிகள்தான். மனித உடலில் அவை 600-க்கும் மேல்.

முதல் வழி முழு நாக்அவுட். கருமுட்டையிலிருந்தே எல்லாச் செல்லிலும் அந்த மரபணு கிடையாது. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் வந்தபிறகு செய்வதும் சுலபம். நான் கையாண்ட முதல் எலி இதுதான். ஒரு பிரதி மட்டும் இழந்த ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், நாலில் ஒரு குட்டி இரண்டு பிரதியும் இல்லாமல் பிறக்கவேண்டும். காதோரத்தில் துளி சதை எடுத்து, பிசிஆர் முறையில் அந்த மரபணுத் துண்டைப் பெருக்கி, ஜெல்லில் ஓட்டி, அதை ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்ப்பேன். மேல் பட்டை இருந்தால் இயல்பான மரபணு இருக்கிறது என்று அர்த்தம். கீழ்ப் பட்டை மட்டும் தெரிகிற ஒரு குட்டிக்காகக் காத்திருந்தேன். ஆறு ஈற்று போயிற்று. ஒவ்வொரு குட்டியிலும் மேல் பட்டை இருந்தது. கருவிலேயே இறந்துபோகின்றன என்று புரிய நாலு மாதம் ஆனது. வளர்ந்த எலியின் கல்லீரலில் அந்த நொதி என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு அந்த நாலு மாதமும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.

ஆனால் செத்த கருவும் பேசும், கேட்கத் தெரிந்தால். எம்டிஎம்2 என்ற ஈ3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன செல் பிரியாமல் தடுக்கும், சில சமயம் செல்லையே சாகடிக்கும் பி53 என்ற புரதத்துக்கு யுபிக்விட்டின் ஒட்டுவது அதுதான். (1979-இல் பி53-ஐக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டேவிட் லேன், இங்கே பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தின் புரோட்டியோஸ் கட்டடத்தில் இருக்கும் ஐஎம்சிபி என்ற உயிரியல் ஆய்வுக் கழகத்தை வழிநடத்தியவர். அதனால் இந்தப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பி53 பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி.) எம்டிஎம்2 இல்லாத கரு, கருப்பையில் பதியும் சமயத்திலேயே அழிந்துவிடும். 1995-இல் இரண்டு குழுக்கள் பி53-ஐயும் சேர்த்து நீக்கிப் பார்த்தன. குட்டிகள் உயிரோடு பிறந்தன! அடக்க ஆளில்லாத பி53-தான் கருவைக் கொன்றது என்பது ஒரே கலப்பில் தெரிந்துவிட்டது. எலி மரபியலில் இதைவிடத் தெளிவான சோதனையை நான் படித்ததில்லை.

முழு நாக்அவுட் சாகாமல் இருப்பது இன்னொரு சிக்கல். பார்க்கின் என்ற ஈ3 கெட்டால் மனிதருக்கு இள வயதிலேயே பார்க்கின்சன் நோய் வருகிறது என்று 1998-இல் ஜப்பானியக் குழு கண்டது. அதே மரபணுவைப் பிறவியிலிருந்தே நீக்கிய சுண்டெலிக்கு, அந்த நோயில் அழிகிற டோபமின் நரம்புச் செல்கள் பெரிதாக அழியவில்லை. சரி, பார்க்கினுக்கு எலியில் வேலையில்லை என்று முடித்துவிடலாமா? கூடாது. 2011-இல் வந்த ஆய்வில், வளர்ந்த எலியின் நடுமூளையில் மட்டும் வைரஸ் வழியாக, டிஎன்ஏவை வெட்டும் க்ரீ நொதியைச் செலுத்தி பார்க்கினை நீக்கினார்கள். அப்போது அந்தச் செல்கள் குறைந்தன. பிறவியிலேயே இல்லாததற்கு உடல் எப்படியோ ஈடுகட்டிக்கொள்ளும். பாதியில் பறித்தால் அதற்கு அவகாசம் இல்லை.

இதுதான் இரண்டாவது வழி, க்ரீ-லாக்ஸ். மரபணுவின் இரு பக்கமும், க்ரீ அடையாளம் கண்டு வெட்டுகிற லாக்ஸ் என்ற சிறு டிஎன்ஏ குறிகளை வைத்துவிட்டு, வேண்டிய திசுவில், வேண்டிய வயதில் க்ரீயை விட்டு வெட்டுவது. கல்லீரல் கேள்விக்கு நான் இதைத்தான் சொல்வேன். விலை நேரம். கரு 20 நாள், குட்டி வளர்ந்து இணைசேர ஆறிலிருந்து எட்டு வாரம். அப்படி இரண்டு தலைமுறை கடந்தால்தான் சரியான எலி கைக்கு வரும். க்ரீயே சில செல்களுக்கு நஞ்சு, சில சமயம் நினைக்காத திசுவிலும் கசியும்.

மூன்றாவது வழியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நாக்அவுட் நொதியின் வேலையை மட்டும் நிறுத்துவதில்லை, புரதத்தையே இல்லாமல் ஆக்குகிறது. ஈ3 பலவும் மற்ற புரதங்களைப் பிடித்துச் சேர்த்து வைக்கவும் செய்யும். ஒட்டும் வேலைதான் முக்கியமா என்று கேட்கவேண்டுமானால், புரதத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றவேண்டும். எம்டிஎம்2-இல் 462-ஆம் இடத்துச் சிஸ்டீனை மாற்றிய எலிக்கரு, முழு நாக்அவுட் போலவே இறந்தது. அது 2007. ஒட்டும் வேலை இல்லாமல் கரு பிழைக்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 2014-இல் 487-ஆம் இடத்து டைரோசினை மாற்றினார்கள். அதிலும் ஒட்டும் திறன் போய்விட்டது, ஆனால் எலிகள் பிறந்து வளர்ந்தன! கதிர்வீச்சு பட்டபோதுதான் தாங்கவில்லை. வித்தியாசம் இதுதான்: சிஸ்டீன் மாற்றம் எம்டிஎம்எக்ஸ் என்ற கூட்டாளியோடு இணைவதையும் கெடுத்திருந்தது. டைரோசின் மாற்றம் அதைக் கெடுக்கவில்லை.

அதனால் அவளுக்கு நான் சொன்ன வரிசை இது. முழு நாக்அவுட் ஏற்கனவே உலகில் எங்காவது இருந்தால் அதன் முடிவைப் படித்துக்கொள், மறுபடி செய்யாதே. லாக்ஸ் எலியை இப்போதே கேட்டு வாங்கு, அது வந்து சேரவே நாளாகும். அதற்குள் செல் வளர்ப்பில் மூன்று நான்கு ஒற்றை மாற்றங்களைச் செய்து, எது கூட்டாளிகளை விடாமல் ஒட்டும் வேலையை மட்டும் இழக்கிறது என்று பார். அந்த ஒன்றை மட்டும் எலியில் கொண்டுபோ.

அவள் போனில் குறித்துக்கொண்டே, விலங்கு நெறிக்குழுவுக்கு எழுதி வைத்திருந்த எண்ணிக்கையைக் காட்டினாள். எத்தனை எலி, ஏன் அத்தனை என்று அங்கே விளக்கியாகவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு உயிர், அப்படிக் கேட்பதுதான் முறை.

"க்ரீ மட்டும் இருக்கிற எலிகளைச் சேர்த்தியா?" என்றேன்.

"இல்லையேக்கா."

"அது இல்லாம வித்தியாசம் நொதியாலயா, க்ரீயாலயான்னு எப்படிச் சொல்லுவ? முதல்லேர்ந்து போடு மா."

காலிக் கோப்பையைத் தள்ளிவிட்டு, கால்குலேட்டரைத் திறந்தாள்.