எட்டு தீபாவளி கண்ட சுடுதண்ணித் தொட்டி

எங்கள் வீட்டுச் சுடுதண்ணித் தொட்டிக்கு 2025 தீபாவளியோடு எட்டு வயது முடிந்தது. இதற்கு முன்னால் இருந்த தொட்டி எட்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தது. அதே ஊர், அதே தண்ணீர், அதே 15 கேலன் அளவு. அது ஏன் போனது, இது ஏன் இன்னும் ஓடுகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

வீடு செத்தாப்பாக்கில், இரண்டு மாடி வரிசை வீடு. "கோலாலம்பூர் வெயிலுக்குச் சுடுதண்ணி எதுக்கு?" என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஒரு சாயங்கால மழையில் மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தால் கேட்க மாட்டார்கள். அதோடு அம்மாவின் முழங்கால் வலி, தீபாவளி அன்று விடியற்காலையில் ஆறு பேருக்கும் வரிசையாக எண்ணெய்க் குளியல்.

பழைய தொட்டி சிலிங்குக்கு மேலே படுக்கை வாட்டில் கிடந்தது. 2009இல் நாங்கள் குடிவந்தபோது மாட்டியது. அதன் முகத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை. 2017 தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது மாடிக் குளியலறை வாசலில், சிலிங்கில் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு வட்டம். மறுநாள் வட்டம் பெரிதானது. அதற்கு மறுநாள் பிளாஸ்டர் பலகை தொந்தி வைத்து, ராத்திரியே பொத்தென்று விழுந்தது.

வந்த பிளம்பர் அண்ணன் தொட்டியைக் கீழே இறக்கி, அடித்தட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கம்பியை உருவிக் காட்டினார். சைக்கிள் சக்கரக் கம்பி அளவுக்குத்தான் இருந்தது.

"தம்பி, இத ஒரு தடவையாவது கழட்டிப் பாத்தீங்களா?"

"எத அண்ணே?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பியை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

அதுதான் அனோடு கம்பி. தொட்டியின் உடம்பு எஃகு, உள்பக்கம் எனாமல் பூச்சு. எவ்வளவு நல்ல பூச்சானாலும் எங்காவது மயிரிழை வெடிப்பு இருக்கும். தண்ணீர் அங்கேதான் எஃகை அரிக்கத் தொடங்கும். எஃகைவிட மக்னீசியம் சுலபமாக அரிபடும் என்பதால், ஒரு மக்னீசியக் கம்பியை உள்ளே வைத்துவிட்டால் அரிப்பு முதலில் அதன்மேல் போகும். அது இருக்கும்வரை தொட்டி பிழைக்கும். கரைந்து முடிந்ததும் தொட்டியின் முறை. எங்கள் பழைய தொட்டியில் அது எப்போதோ முடிந்திருக்கிறது.

புதியதை நிற்கும் வாட்டில் வாங்கி, பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே செங்கல் சுவரில் மாட்டினோம். உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டுமே 68 கிலோ, அதனால் போல்ட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பச்சைத்தண்ணி உள்ளே போகும் பைப்பில், ஒருவழி வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவில், ஒரு டி (T வடிவ இணைப்பு) வைத்துத் தனியாகக் குழாய் ஒன்று போடச் சொன்னேன். கூடுதலாக 40 வெள்ளி (ரிங்கிட்). இந்த எட்டு வருஷத்தில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான 40 வெள்ளி அதுதான். அந்தக் குழாய் இல்லையென்றால் தொட்டியைக் காலி செய்வது பெரிய கூத்து. சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டால் தொட்டி காலியாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆகாது. சுடுதண்ணி வெளியேறும் பைப் தொட்டியின் உச்சியிலிருந்து எடுக்கிறது. உள்ளே வரும் தண்ணீரை அடைத்தால் அங்கிருந்து ஒரு சொட்டும் வராது. சேறு முழுக்க அடியில் கிடக்கும்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு வீடு கழுவும் வாரத்தில் இந்த வேலை. முந்தின நாள் ராத்திரியே சுவிட்சையும், மெயின் பெட்டியில் அதற்குரிய பிரேக்கரையும் அணைத்துவிடுவேன். காலைக்குள் தண்ணீர் ஆறியிருக்கும். பச்சைத்தண்ணி வால்வை மூடி, மாடியில் ஒரு சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வைப்பேன், காற்று உள்ளே போக வேண்டுமே. அப்புறம் டி குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டித் திறப்பது. முதல் வாளியை மட்டும் வெள்ளை வாளியில் பிடித்துப் பத்து நிமிஷம் அசையாமல் வைப்பேன். அடியில் படிவதைப் பார்த்தால் அந்த வருஷத்துக் குழாய்த் தண்ணீரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

2020இல் படிந்ததைப் போல நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அந்த செப்டம்பரில் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. மறுபடி தண்ணீர் வந்தபோது எங்கள் குழாயில் முதலில் வந்தது மைலோ நிறத்தில். இரண்டு மாதம் கழித்துத் தொட்டியைத் திறந்தால் வாளியின் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் செம்மண் சேறு, விரலில் தேய்த்தால் மாவு போல வழுக்கியது. காணொளிகளில் அமெரிக்கக்காரர்கள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டியைக் கொட்டிக் காட்டுவார்கள். நம் ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, அந்தக் கட்டி இங்கே வராது. வினிகர் ஊற்றச் சொல்லும் ஆலோசனையை நான் மதிப்பதில்லை. நமக்கு வருவது மண்ணும் பழைய பைப்பின் துருவும்தான். வால்வைத் திறந்து மூடி, திறந்து மூடி நாலைந்து தடவை அலசினால் போதும்.

அந்த வருஷம்தான் நான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலம், பிளம்பர் அண்ணன் வெளியே வரப் பயந்தார், நானே முதல் தடவையாகச் செய்தேன். தண்ணீர் திரும்பத் திறந்து இரண்டே நிமிஷத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டேன். தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் காயில் (கம்பிச்சுருள்) வெறும் காற்றில் காய்ந்து வெடித்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி டப்பென்று விழுந்தது. புதுக் காயில் 120 வெள்ளி. மாடிக் குழாயில் காற்று புஸ்புஸ்ஸென்று வந்து முடிந்து, தண்ணீர் ஒரே சீராக விழும்வரை சுவிட்சின் பக்கமே போகக்கூடாது.

வருஷம் தவறாமல் அலசுவதால்தான் தொட்டி நன்றாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. 2019இல் அனோடைக் கழற்றிப் பார்த்தபோது அது பாதியாக இளைத்திருந்தது. 2021இல் நுனிப்பக்கம் வெறும் இரும்புக் கம்பிதான் மிச்சம். சேறில்லாத தொட்டியிலும் அது கரையத்தான் செய்கிறது. அலசுவதால் காயில் சேற்றில் புதைந்து சூடேறாமல் தப்பிக்கும், தண்ணீரும் சுத்தமாக வரும். ஓட்டை விழாமல் காப்பது 65 வெள்ளிக் கம்பி. 2021, 2024 என்று இரண்டு தடவை மாற்றியாயிற்று. கம்பி அடித்தட்டில் காயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மின்சார ஒயரையும் கழற்ற வேண்டும். அதில் நான் கை வைப்பதில்லை, ஆளைக் கூப்பிடுகிறேன். தட்டைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் ரப்பர் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஒரு தடவை இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் சுடுதண்ணியில் அழுகிய முட்டை நாற்றம். தேங்கிய தண்ணீரில் ஒருவகை பாக்டீரியா மக்னீசியத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது. 60 பாகைக்கு (டிகிரி செல்சியஸ்) சூடாக்கி, முழுக்கத் திறந்துவிட்டதும் போய்விட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 45 பாகையில் வைப்பவர்களை எனக்குத் தெரியும். லெஜியோனெல்லா கிருமி வளர அது தோதான சூடு. நான் 60இலேயே வைத்து, குழாயில் பச்சைத்தண்ணி கலந்துகொள்கிறேன். 28 பாகையிலிருந்து 60க்கு வர 2.5 கிலோவாட் காயிலுக்கு ஒரு மணி நேரம், அதாவது இரண்டரை யூனிட். நாள் முழுக்கப் போட்டு வைக்கத் தேவையில்லை.

அழுத்த வால்வு சூடேறும்போது சொட்டுவதைப் பார்த்து அம்மா இன்றும் பயப்படுகிறார். தண்ணீர் சூட்டில் விரிகிறது. எங்கள் தொட்டியில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் அளவுக்கு. அது போக ஒரு வழி வேண்டும். சொட்டுகிறதே என்று அந்த வாயை அடைத்து வைத்த ஒரு வீட்டைப் பக்கத்துத் தெருவில் பார்த்தேன். கையோடு பிடுங்கிப் போடச் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தச் சொட்டு ஒரு பழைய எண்ணெய் டின்னில் விழுகிறது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை அம்மா அதை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, "இன்னும் ஒழுவுதுப்பா" என்கிறார்.