கிரனாடாவில் அல்ஹம்ப்ரா சுற்றுலாச் சீட்டு வாங்குவோர் கவனத்திற்கு

ஸ்பெயினின் கிரனாடா நகருக்கு மழைக்காலத்தில் செல்லவிருப்போர், அங்குள்ள பழைய அரண்மனை, கோட்டை வளாகமான அல்ஹம்ப்ராவுக்கு இடைத்தரகர்கள் விற்கும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். சென்ற நவம்பரில் என் பெற்றோருடன் அங்கு சென்றபோது, இணையத்தில் சுற்றுலா விற்கும் ஒரு நிறுவனம் எங்களிடம் பெருந்தொகை பெற்றுக்கொண்டு, எதைக் காண அவ்வளவு தொலைவு போனோமோ அதைக் காட்டாமலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

அல்ஹம்ப்ராவுக்குப் பலவகைச் சீட்டுகள் உண்டு. பொதுச் சீட்டில் கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் அரச மரபினரின் நஸ்ரித் அரண்மனைகள், அல்கசாபா கோட்டை, ஹெனரலிஃபே தோட்டம் ஆகிய மூன்றும் அடங்கும். ஏறத்தாழ அதன் பாதி விலைக்குக் கிடைக்கும் தோட்டச் சீட்டை வைத்துக்கொண்டு நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைய முடியாது. 14ஆம் நூற்றாண்டில் அந்த மரபைச் சேர்ந்த சுல்தான் முதலாம் யூசுஃபும் அவர் மகன் ஐந்தாம் முகமதுவும் பெரும்பகுதியை எழுப்பிய அந்த அரண்மனைகள்தாம் அல்ஹம்ப்ராவின் உயிர். 12 பளிங்குச் சிங்கங்கள் நீரூற்றைத் தாங்கி நிற்கும் முற்றமும், 8,000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை இணைத்துச் செய்த விதானத்தைக் கொண்ட தூதர் மண்டபமும் அங்குதான் இருக்கின்றன. எங்களுக்கு விற்றவர்களின் விளம்பரத்தில் 'முழு அல்ஹம்ப்ரா' என்ற தலைப்பும் அதன் கீழே சிங்க முற்றத்தின் படமும் இருந்தன. கையில் கொடுத்ததோ தோட்டச் சீட்டு.

அன்று காலையிலிருந்தே விடாத மழை. வழிகாட்டியாக வந்தவர், 1348இல் கட்டப்பட்ட நீதி வாயில் வழியாக எங்களை அழைத்துச் சென்று, ஐந்தாம் கார்லோஸ் அரண்மனையின் வட்ட முற்றத்தைச் சுற்றியுள்ள தூண் தாழ்வாரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துப் பேசினார். அந்த வாயிலையும் முற்றத்தையும் சீட்டே இல்லாமல் யாரும் பார்க்கலாம் என்பதை அங்கிருந்த ஊழியர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம். நஸ்ரித் அரண்மனை வாசலை நெருங்கியபோது, "இது உங்கள் சுற்றில் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு எங்களை அல்கசாபாவுக்குத் திருப்பினார். கோபுரத்தின் மேல் மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஹெனரலிஃபேயின் ஈரப் படிகளில் முழங்கால் வலியுள்ள என் தந்தை கைத்தாங்கலாக நடந்துகொண்டிருக்க, வழிகாட்டி மழையைக் காரணம் காட்டி, விளம்பரத்தில் அறிவித்திருந்த நேரத்துக்கு வெகுமுன்பே விடைபெற்றார். கூரைக்குக் கீழ் பார்க்கக்கூடியவற்றுள் மிகச் சிறந்ததை விலக்கிவிட்டு, திறந்தவெளியை மட்டும் மழை நாளில் மூத்தவர்களுக்கு விற்பதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த இடத்திலேயே பொதுச் சீட்டு வாங்க முயன்றோம். நஸ்ரித் அரண்மனைகளுக்குள் ஒவ்வொரு அரை மணிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே அனுமதிப்பதால், அன்றைக்கான இடங்கள் முன்னரே தீர்ந்திருந்தன. பிற்பகலில் ஸ்பெயினின் அரசி இசபெல்லா, அவர் கணவர் அரசர் ஃபெர்டினாண்ட் இருவரின் கல்லறைகள் உள்ள அரச சிற்றாலயத்தைப் பார்த்தது மட்டுமே அன்றைய ஆறுதல்.

சீட்டில் நஸ்ரித் அரண்மனைகளுக்கான நுழைவு நேரம் தனியே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த நேரம் இல்லையென்றால் அனுமதியும் இல்லை. அல்ஹம்ப்ராவை நிர்வகிக்கும் அரசு அமைப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கொடுத்து நேரடியாக வாங்குவதே பாதுகாப்பானது. அங்கே இடங்கள் வெகு நாட்களுக்கு முன்பே தீர்ந்துவிடுவதைத்தான் இத்தகைய விற்பனையாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வேறு வழியின்றி அவர்களிடம் வாங்க நேர்ந்தால், 'நஸ்ரித் அரண்மனைகள் உண்டு' என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். கிரனாடா அமைந்துள்ள அந்தலூசியா மாநிலத்தில் வாடிக்கையாளர் கேட்டால் புகார்ப் படிவம் தர வேண்டியது வணிக நிறுவனங்களின் சட்டப்படியான கடமை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருமாறு நாங்கள் எழுதியதற்கு, மழைக்காகப் பணம் திருப்பித் தரப்படாது என்று பதில் வந்தது. நாங்கள் மழையைப் பற்றிப் புகார் செய்யவே இல்லை. விளம்பரத்தின் படத்தை இணைத்து, பணம் செலுத்திய அட்டையின் வங்கியிடம் முறையிட்டிருக்கிறோம், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.