நின்னுபோனா நாமளே என்னன்னு கண்டுபிடிக்க முடியுதா? எங்க காம்பி பாய்லர் ரிவ்யூ

பாய்லர் ரிவ்யூல எல்லாரும் சுடுதண்ணி எவ்வளவு சீக்கிரம் வருது, கேஸ் எவ்வளவு மிச்சமாகுதுன்னுதான் எழுதுறாங்க, எனக்கு அதைவிட முக்கியம் நடுக்குளிர்ல அது நின்னுபோச்சுன்னா என்ன கோளாறுன்னு வீட்ல இருக்கறவங்களுக்குப் புரியுதாங்கறதுதான். அந்த விஷயத்துல எங்க காம்பி பாய்லருக்கு, அதாவது வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் ஒரே பெட்டியில கேஸ்ல தண்ணி சூடாக்கற மெஷினுக்கு, அஞ்சுக்கு மூணரை தருவேன்.

ரொம்பப் பிடிச்சது, உள்ள சுத்துற தண்ணியோட பிரஷர் டிஸ்ப்ளேலயே நம்பரா தெரியுது, டார்ச் அடிச்சு அடியில மீட்டர் முள்ளு தேட வேண்டாம். சிஸ்டம் ஆறியிருக்கும்போது 1லேர்ந்து 1.5 பார் இருக்கணும், சூடானா கொஞ்சம் ஏறும், அதுக்குப் பயப்படாதீங்க. ரொம்ப இறங்கிட்டா பர்னர் பத்தாம லாக் ஆயிடும், அதாவது தானா நின்னுடும். அப்போ ஃபில்லிங் லூப் வால்வை, அதாவது மெயின் குழாய்த் தண்ணியை சிஸ்டத்துக்குள்ள விடற வால்வை, மெதுவா திறந்து, நம்பர் ஏறுனதும் இறுக்கி மூடினா போதும், இதுக்கு ஆள் கூப்பிடவே வேண்டாம்.

ஆனா அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தா அதோட விட்றாதீங்க. எங்கயோ ஒழுகுது, இல்லேன்னா எக்ஸ்பான்ஷன் வெசல் போயிருக்கு. அந்த வெசலுக்குள்ள ஒரு ரப்பர் தடுப்பு, ஒரு பக்கம் காத்து, இன்னொரு பக்கம் தண்ணி. தண்ணி சூடாகி விரியும்போது அதைத் தாங்குறது அந்தக் காத்துதான். அது இறங்கிப்போனா ஹீட்டிங் போட்டதும் பிரஷர் 3 பார் கிட்ட எகிறும், சேஃப்டி வால்வ் திறந்து தண்ணிய வெளிய துப்பும், ஆறுனதும் நம்பர் சைபர் பக்கம் விழும். எங்க வீட்ல அப்படியேதான் நடந்துச்சு. ஆறுனப்போ எவ்வளவு, சூடானப்போ எவ்வளவு, வெளிச்சுவத்துல இருக்கற சேஃப்டி வால்வ் குழாய் வாய் ஈரமா இருக்கான்னு எழுதிவச்சு போன்லயே சொன்னேன், டெக்னீஷியன் வரும்போதே தேவையானதை எடுத்துட்டு வந்துட்டார். டிஸ்ப்ளே நல்லா இருந்ததால கிடைச்ச லாபம் இது.

மார்க் குறைச்சது எதுக்குன்னா பத்தவைக்கிறது ஃபெயிலானா டிஸ்ப்ளேல வர்ற கோளாறு கோட். கேஸ் வரலைன்னாலும் அதே கோட், பொறி தட்டுற எலக்ட்ரோட் அழுக்கானாலும் அதே கோட், கண்டன்சேட் பைப் (எரிஞ்ச புகை ஆறி சேர்ற தண்ணியை வெளிய விடற பைப்) உறைஞ்சாலும் அதே கோட்! மேனுவல்ல ‘சர்வீஸை அழைக்கவும்’னு ஒரே வரி, இது நியாயமே இல்ல, ஏன்னா பைப் உறைஞ்சதை வீட்டுக்காரங்களே சரிபண்ணலாம். பனி கொட்டுற ராத்திரிக்கு அப்புறம் லாக் ஆகி, உள்ள களகளன்னு சத்தம் கேட்டா முதல் சந்தேகம் அதுமேலதான். வெளிய ஓடுற பிளாஸ்டிக் பைப் மேல வெதுவெதுப்பான தண்ணி ஊத்துங்க, கொதிக்கிற தண்ணி வேண்டாம், பைப் விரிசல் விட்டுடும். அப்புறம் ரீசெட். கேஸ் வருதான்னு பாக்க கேஸ் அடுப்பு இருந்தா பத்தவச்சுப் பாருங்க. இதெல்லாம் பாத்தும் திரும்ப லாக் ஆனா ரீசெட்டை அமுக்கிக்கிட்டே இருக்காதீங்க, ஆளைக் கூப்பிடுங்க.

முன்மூடியை மட்டும் கழட்டவே கழட்டாதீங்க. நிறைய மாடல்ல அந்த மூடிதான் புகை வெளிய வராம அடைக்கிற சீல், கார்பன் மோனாக்சைடு வாசனையும் வராது நிறமும் தெரியாது. அதுக்கு அலாரம் ஒண்ணு கண்டிப்பா வேணும், கேஸ் பக்கம் கைவைக்கிறது லைசென்ஸ் இருக்கறவங்க வேலை. கேஸ் வாசனை வந்தா எந்த சுவிட்சையும் தொடாம, ஜன்னலைத் திறந்து மெயின் வால்வை மூடிட்டு, வெளிய போய் போன் பண்ணுங்க.

இன்னொண்ணு, ரேடியேட்டர் சூடாகலைன்னா உடனே பாய்லரைத் திட்டாதீங்க. மேல் பாதி சில்லுனு இருந்தா காத்து, ப்ளீட் பண்ணிட்டு (ரேடியேட்டர் ஓரத்து சின்ன வால்வைத் திறந்து காத்தை வெளிய விட்டுட்டு) பிரஷர் திரும்பப் பாத்துக்கணும். அடிப்பாதி சில்லுனு இருந்தா சேறு. சுடுதண்ணி மட்டும் நல்லா வந்து எந்த ரேடியேட்டருமே சூடாகலைன்னா முதல்ல தெர்மோஸ்டாட் பேட்டரி, டைமர் பாருங்க, அதெல்லாம் சரின்னா சூட்டைக் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் மாத்தி அனுப்பற டைவர்ட்டர் வால்வ் மாட்டிக்கிட்டிருக்க வாய்ப்பு அதிகம், அது டெக்னீஷியன் வேலை.

புதுசா வாங்கறவங்க காசு கட்டறதுக்கு முன்னாடி மேனுவல்ல ஃபால்ட் கோட் பக்கத்தை மட்டுமாவது படிங்க, கண்டன்சேட் பைப்பை முடிஞ்சவரை வீட்டுக்குள்ளயே ஓட்டச் சொல்லுங்க, வெளிய போகுற துண்டு அகலமான பைப்பா, மேல இன்சுலேஷன் சுத்தியிருக்கான்னு மாட்டற அன்னிக்கே நின்னு பாத்துடுங்க.