18,000 ரூபாய்க்கு ஒன்றேகால் கிலோ

கணக்கு எழுதுவது என் தொழில். செங்கல்பட்டைச் சுற்றிப் பதினோரு கடைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி. அந்த நாட்களில் சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர், மதுராந்தகம் என்று பஸ்ஸிலேயே பொழுது போகும். தோளில் 15.6 அங்குல லேப்டாப். ஒருநாள் அரிசிக்கடை அண்ணாச்சியின் தராசு சும்மா இருந்ததால் பையிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். சார்ஜரோடு 2 கிலோ 740 கிராம். "ஏம்மா, மூணு கிலோ பொன்னியத் தினமும் சும்மா சுமந்துட்டு அலையுறியே" என்றார்.

எடை குறைந்த லேப்டாப் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். கையில் இருந்தது 20,000. முதலில் புதுசுதான் பார்த்தேன். அந்த விலையில் கண்ணில் பட்டதெல்லாம் செலரான் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம். அதில் விண்டோஸும் அதன் அப்டேட்டும் வந்து உட்கார்ந்தால் நமக்கு மிஞ்சுவது திண்ணைதான். 2023இல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக் எடையில் 990 கிராம். ஆசையாக இருந்தது. ஆனால் அதில் ஓடுவது ஜியோ ஓஎஸ், டேலி பிரைமுக்கு விண்டோஸ் வேண்டும். படிக்கிற பிள்ளைக்குச் சரி, எனக்கு ஆகாது.

ஆக, பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற ஆபீஸ் லேப்டாப்தான். விலை இறங்கியிருக்குமே தவிர, கீபோர்டும் கீலும் நாள் முழுக்க அடி வாங்குவதற்கென்றே செய்தவை. 12.5 அங்குலத்தில் மூன்றைக் குறித்துக்கொண்டேன்: லெனோவோ திங்க்பேட் எக்ஸ்270, எக்ஸ்280, டெல் லாட்டிடியூட் 7290.

மனசு எக்ஸ்270 மேல்தான் இருந்தது. ரேமைக் கழற்றி மாற்றலாம். உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் ஒரு பேட்டரி. மெஷினை அணைக்காமலே பின்னால் இருப்பதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் இருப்பது 6ஆம், 7ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். "அதெல்லாம் நாங்க 11 போட்டே தர்றோம் மேடம்" என்று கடைக்குக் கடை சொல்கிறார்கள். போடலாம், கொல்லைப்புற வழியாக. பதினோரு கடைகளின் பாஸ்வேர்டையும் வைத்திருக்கிறவள் நான், அந்த வழி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். லாட்டிடியூட் 7290 எனக்குப் பொருந்தியிருக்கும். அதில் 8ஆம் தலைமுறை உண்டு, ரேமும் மாற்றலாம். நான் போன அன்று நல்ல ஸ்கிரீனோடு ஒன்றும் கிடைக்கவில்லை. மிஞ்சியது எக்ஸ்280.

ஒரு சனிக்கிழமை எழும்பூரில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு ஆட்டோ பிடித்தேன். மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடை. பெயர் வேண்டாம், ஏன் என்பது இதோ வருகிறது. மேஜை மேல் அச்சு அசலாக இரண்டு எக்ஸ்280. ஒன்று 15,500, இன்னொன்று 18,000. வித்தியாசம் என்ன தம்பி என்றால், "அது 4 ஜிபி ரேம், இது 8. கம்மியானத எடுத்துக்கங்க, ரேம் அப்புறம் போட்டுக்கலாம்" என்றான். எக்ஸ்280இல் ரேமைப் போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். வாங்கும்போது என்ன இருக்கிறதோ கடைசிவரை அதுதான். அந்தத் தம்பிக்குத் தெரியவில்லையா, எனக்குத் தெரியாது என்று நினைத்தானா, இன்றுவரை புரியவில்லை. இந்த மாடலில் 8 ஜிபிக்குக் குறைந்தால் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

18,000 ரூபாய் மெஷினைப் போட்டுப் பார்த்தேன். ஐ5 8ஆம் தலைமுறை, 256 ஜிபி எஸ்எஸ்டி, ஃபுல் எச்டி ஐபிஎஸ் ஸ்கிரீன். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து கறை பார்த்தேன். நோட்பேடில் ஒவ்வொரு கீயாகத் தட்டினேன். ஆன் ஆகும்போது எஃப்1 அழுத்தி, பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங்ஸ்) பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு எதுவும் கேட்கிறதா என்று பார்த்தேன். பேட்டரி புதுசு என்றார்கள். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்தால் குட்டு வெளிப்பட்டது. 48 வாட் ஹவர் பிடிக்க வேண்டிய பேட்டரி 27தான் பிடித்தது. காட்டியதும் மறுபேச்சில்லாமல் வேறு பேட்டரி போட்டார்கள், அது 41. காட்டாமல் இருந்திருந்தால்?

அடுத்தது பில். "பில் வேணும்னா 18 பர்சென்ட் தனியா ஆகும்மா" என்றார் முதலாளி. 18,000க்கு 3,240. இதைப் போய் என்னிடம் சொல்லலாமா! பழைய பொருள் விற்கிறவர், வாங்கும்போது கட்டிய வரியைக் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளாதிருந்தால், ஜிஎஸ்டி விதி 32(5)இன்படி லாபத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். "அண்ணே, நீங்க 15,000க்கு வாங்கியிருந்தா 3,000த்துக்குத்தான் வரி, 540 ரூபாய்" என்று கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் 18,000க்கே பில் போட்டு, மூன்று மாத வாரண்டி என்று கையாலும் எழுதிக் கொடுத்தார். டீயும் வந்தது.

ஐந்து மாதம் ஆகிறது. அண்ணாச்சி தராசில் மெஷின் மட்டும் ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பஸ்ஸில் மடியில் வைத்தால் பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பதில்லை. டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி போர்ட்டல் மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருந்தாலும் திணறவில்லை. பேட்டரி நான்கு மணி நேரம் வருகிறது. சார்ஜ் ஏறுவது டைப்-சியில் என்பதால் கடையில் தந்த லோக்கல் சார்ஜரைப் பரண் மேல் போட்டுவிட்டு (தொட்டால் சுட்டது) 65 வாட்டில் நல்லதாக ஒன்று வாங்கிக்கொண்டேன். அந்தச் செலவு தனி.

பழக நாளானது கீபோர்டுக்குத்தான். திங்க்பேடில் இடது மூலையில் இருப்பது எஃப்என், கன்ட்ரோல் அதற்கு அடுத்தது. டேலியில் வவுச்சரைச் சேமிக்க கன்ட்ரோல் ஏ. முதல் வாரம் முழுக்க நான் எஃப்என் ஏ அழுத்திவிட்டு ஏன் சேமிக்கவில்லை என்று விழித்துக்கொண்டிருந்தேன். பயாஸில் இரண்டையும் இடம் மாற்றலாம் என்று பிறகுதான் தெரிந்தது. எஃப்8 அழுத்தினால் சேல்ஸ் வவுச்சர் வராவிட்டால் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள், சரியாகிவிடும்.

நம்பர் பேட் கிடையாது. 12.5 அங்குலத்தில் அதற்கு இடமும் இல்லை. ஒரு நாளைக்கு 200 பில் பதிகிறவருக்கு மேல்வரிசை எண்கள் சித்திரவதை. யுஎஸ்பியில் மாட்டும் நம்பர் பேட் 450 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். பெரிய யுஎஸ்பி ஓட்டை இரண்டு இருப்பதால் ஒன்றில் இது, இன்னொன்றில் டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன். கணக்குத் தொழிலில் இருப்பவர்கள் பட்ஜெட் போடும்போதே அந்த 450ஐயும் சார்ஜரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் சேர்க்கவில்லை.