ஸ்கிரிவெனர்: நகலெழுத்தரின் பெயரில் ஒரு மென்பொருள்

நாவல், ஆய்வேடு, திரைக்கதை போன்ற நீண்ட படைப்புகளை எழுதுவோருக்காக லிட்டரேச்சர் அண்ட் லாட்டே நிறுவனம் 2007இல் மேக் கணினிக்கென வெளியிட்ட ஸ்கிரிவெனர் மென்பொருளின் பெயர், முதல் பார்வைக்கு அதன் நோக்கத்தோடு முரண்படுகிறது. பிறர் எழுதியதைக் கூலி பெற்றுக்கொண்டு படியெடுத்துக் கொடுப்பவரையே ஆங்கிலத்தில் அச்சொல் குறிக்கும். சொந்தமாக எழுதுவோரின் கருவிக்கு நகலெழுத்தரின் பெயர் எப்படிப் பொருந்தும் என்ற ஐயத்தோடு சொல்லின் வரலாற்றைத் துருவினால், மென்பொருளின் வலிமையும் சிக்கலும் எங்கே இருக்கின்றன என்பதும் சேர்ந்தே புலப்படுகிறது.

‘எழுது’ எனப் பொருள்படும் ஸ்கிரிபெரே என்ற லத்தீன் வினையே இதன் வேர். கீறுதல், வெட்டுதல் என்பன அதற்கும் முந்தைய பொருள்கள் என்பது மொழியியலார் கருத்து. பண்டைய ரோமில் அரசு ஆவணங்களை எழுதிப் பேணிய அலுவலர் ஸ்கிரிபா எனப்பட்டார். பிற்கால லத்தீனில் ஸ்கிரிபானுஸ் என்றும் பழைய பிரெஞ்சில் எஸ்கிரிவெய்ன் என்றும் உருமாறிய சொல், இடைக்கால ஆங்கிலத்துக்குள் ஸ்கிரிவெய்ன் என நுழைந்தது. அதுவே எழுதுபவரைக் குறித்துவிட்டபோதிலும், செய்பவரைக் காட்டும் ஆங்கில விகுதி ஒன்று அதன்மேல் மறுபடியும் ஏறிக்கொண்டது. நம் பேச்சில் வழங்கும் ‘நடுசென்டர்’ போன்றதோர் இரட்டிப்பு என்று இதைக் கொள்ளலாம்.

லண்டனில் இத்தொழிலைச் செய்தோர் 1373இல் தமக்கெனச் சங்க விதிகளை வகுத்துக்கொண்டு, 1617இல் அரச சாசனமும் பெற்றனர். அவர்கள் வெறும் நகலெடுப்போராக மட்டும் இருந்ததில்லை. கிரயப் பத்திரம், உயில், குத்தகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கட்சிக்காரர் சொல்லக் கேட்டு, வரைவு எழுதி, திருத்தி, இறுதியில் பிழையற்ற செம்படியாக எழுதிக் கொடுத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பணத்தை வாங்கி வைத்து வட்டிக்கு ஏற்பாடு செய்யும் தரகர்களாகவும் சிலர் வளர்ந்தனர். கவிஞர் ஜான் மில்டனின் தந்தை அத்தகையவரே. எழுதும்போது நேர்ந்த கைத்தவறை ‘ஸ்கிரிவெனரின் பிழை’ என்று குறிப்பிடும் சட்ட வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது.

வரைவும் செம்படியும் வேறுவேறு என்ற அந்தப் பழைய பிரிவினையே இம்மென்பொருளின் அடித்தளம். பைண்டர் எனப்படும் இடப்பக்கப் பட்டியலில் ஒரு நூலைக் காட்சிகளாகவோ பத்திகளாகவோ துண்டுகளாக்கி வைத்து, விரும்பியபடி இடம் மாற்றலாம். ஒவ்வொரு துண்டின் சுருக்கமும் கார்க்போர்டு பகுதியில் தனித்தனி அட்டைகளாகத் தெரியும். திருத்தத் தொடங்குமுன் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டால், பழைய வடிவத்துக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்ப முடியும். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மூல நூலின் பிடிஎஃப் கோப்பையும் மறுபாதியில் தம் எழுத்தையும் வைத்துக்கொள்ளும் வசதி மொழிபெயர்ப்பாளருக்கு மிகவும் உகந்தது. என் மதிப்பீட்டில், இந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம்.

எழுதி முடித்தபின் எல்லாத் துண்டுகளையும் ஒன்றுசேர்த்து வேர்டு, பிடிஎஃப், மின்னூலுக்கான இபப் போன்ற வடிவங்களில் வெளியிடுவது கம்பைல் என்ற பகுதியின் வேலை. எழுதும்போது திரையில் ஓர் எழுத்துருவும், வெளிவரும் படியில் வேறொன்றும் இருக்கலாம். மூலம் எவ்விதத்திலும் மாறுவதில்லை. பெயருக்கு முழுத் தகுதியைத் தேடித் தருவதும், பயன்படுத்துவோரை மிகுதியாகத் திணறடிப்பதும் இதே பகுதிதான். தலைப்பின் அளவு, பத்தி இடைவெளி, பக்க எண் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு இருப்பதால், கையேட்டைப் படிக்காமல் இதில் இறங்குவது வீண். தமிழில் எழுதுவோர், வெளியீட்டுக்கான எழுத்துருவாகத் தமிழ் யூனிகோடு எழுத்துரு ஒன்றை இங்கே குறித்துக் கொடுப்பது நல்லது.

குறைகளும் உண்டு. ஒரே கோப்பில் இருவர் ஒரே நேரத்தில் எழுத வழியில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான பதிப்பும் கிடையாது. மேக்கில் 2017இல் வந்த மூன்றாம் பதிப்பு, விண்டோஸுக்கு 2021இல்தான் கிடைத்தது. மாதச் சந்தா இல்லாமல் ஒருமுறை பணம் செலுத்தினால் போதும் என்பது பெரிய ஆறுதல், ஆனால் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனி உரிமம் தேவைப்படும். இரண்டு பக்கக் கட்டுரை எழுதுவோருக்கு இத்தனை ஏற்பாடும் சுமை. நூல் அளவில் எழுதுவோருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

கணினிகளுக்கான 30 நாள் சோதனைக் காலத்தில், மென்பொருளைத் திறந்த நாட்கள் மட்டுமே கணக்கில் சேரும். வாரத்தில் 2 நாள் எழுதுபவருக்கு அது 15 வாரம் நீடிக்கும். அதற்குள் ஓர் அத்தியாயத்தையாவது எழுதி, கம்பைல் வரை கொண்டுசென்று பார்த்துவிட்டு உரிமம் வாங்குவது உசிதம்.