அறுத்து விற்கிற உண்ணி மாத்திரையை வாங்காதீர்கள்

பினாங்கில் பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். உண்ணி மாத்திரையைப் பெட்டி இல்லாமல், துண்டாக அறுத்து, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு விற்கிறார்கள். நாயைக் குளிப்பாட்டி முடிவெட்டிவிடுகிற கடையில் எனக்கு இதை விற்றார்கள். அந்தத் துண்டு காப்பாற்றும் என்று நம்பியிருந்த நேரத்தில்தான் எங்கள் நாய் வீராவுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன்.

வீரா 14 கிலோ. காதுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணி தென்பட ஆரம்பித்ததும் கிளினிக்குக்குப் போக இருந்தேன். வழக்கமாகக் குளிப்பாட்டும் கடையில் இருந்த தம்பிதான், "ஏன்க்கா அங்க போய் நூத்துக்கு மேல கொடுக்கிறீங்க, பெரிய நாய் மாத்திரைய ரெண்டா அறுத்துத் தர்றேன், அதே மருந்துதான், மூனு மாசத்துக்குக் கவலையே வேணாம்" என்றான். 45 வெள்ளி (ரிங்கிட்). பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு, ஒரு பக்கம் வழவழப்பு, அறுத்த பக்கம் தூள் தூளாக உதிர்ந்து பையின் மூலையில் சேர்ந்திருந்தது. பையின் மேல் மார்க்கர் பேனாவில் '3 புலான்' (மூன்று மாதம்) என்று எழுதியிருந்தது, வேறு ஓர் எழுத்துகூட இல்லை. பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, வீசியாச்சு என்று பதில். ரசீது கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான், இன்னும் வரவில்லை.

மூன்று மாதம் வேலை செய்கிற மருந்து உண்மையிலேயே இருக்கிறது, அதனால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. ஃபுளூராலனர் என்ற மருந்து, மெல்லுகிற மாத்திரையாக வருவது, உணவோடு கொடுத்தால் 12 வாரம் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அது எடைக்கு ஏற்ற அளவில் தனித்தனியாகத் தயாரிக்கப்படுகிறது. 10 முதல் 20 கிலோ நாய்க்கு 500 மில்லிகிராம், 20 முதல் 40 கிலோவுக்கு 1000. உடைக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. இரண்டாக அறுத்தால் சரிபாதி மருந்து ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அதுவும் கண்ணெதிரே பெட்டியைப் பிரித்து அறுத்திருந்தால்தான் இந்தப் பேச்சே. பெட்டியே இல்லாத துண்டு அந்த மருந்துதானா, காலாவதியானதா, வெறும் நாய் பிஸ்கட்டா, யாருக்குத் தெரியும்?

கொஞ்ச நாளில் காலர் பட்டைக்கு அடியில் ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பிய உண்ணிகள். இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நல்ல மாத்திரை போட்ட நாயின் மேலும் உண்ணி ஏறத்தான் செய்யும், கடித்து இரத்தத்தை உறிஞ்சினால்தான் மருந்து அதற்குள் போகும், ஆனால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிட வேண்டும். நாள் கணக்கில் இரத்தம் குடித்துக் கொழுத்துக்கொண்டே போனால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். படம் எடுத்து அனுப்பினேன். "மருந்து வேலை செய்யுதுக்கா, அதனாலதான் எல்லாம் வெளிய வருது" என்றான். அப்புறம், வாராவாரம் மருந்துக் குளியலுக்குக் கொண்டுவந்தால் இன்னும் சீக்கிரம் போகும், ஒரு தடவைக்கு 60 வெள்ளி, வீட்டில் ஊற்ற வேண்டுமென்றால் தனியாகத் தருகிறேன் என்று மினரல் வாட்டர் போத்தலில் பால் மாதிரி ஒன்றை நீட்டினான். லேபிள் கிடையாது, ஒரு மூடி ஒரு வாளிக்கு, அவ்வளவுதான் விளக்கம். அதை நான் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் பூனை இருக்கிறது. நாய்க்கான சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும், நாயின் ஈர ரோமத்தோடு உரசினாலே போதும். பூனை இருக்கிறதா என்று அவன் கேட்கவே இல்லை. வீராவுக்கு வலிப்பு வந்ததுண்டா என்றும் கேட்கவில்லை. அந்த மாத்திரை வகைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018லேயே வலிப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது, அதனால்தான் கிளினிக்கில் முதலில் அதைக் கேட்கிறார்கள்.

அதற்குப் பிறகு வீரா சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போக ஆரம்பித்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது, வயிற்றுத் தோலில் ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி, இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து நான்கு வாரம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூக்கிலிருந்து இரத்தம் வந்திருக்கும் என்றார் டாக்டர். அந்த 45 வெள்ளியைப் போல எத்தனையோ மடங்கு செலவு, அதைக்கூட விடுங்கள், அந்த நாய் எழுந்து வாசல்வரை வர முடியாமல் வாலை மட்டும் ஆட்டியதைப் பார்க்க முடியவில்லை.

வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் நாய்மேல் ஏறுவது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கூண்டின் இடுக்கிலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும். இங்கே குளிர்காலமும் இல்லை, வருஷம் முழுக்க அதற்குக் கொண்டாட்டம். அதனால் நல்ல மருந்தை ஒரு தடவை கொடுத்துவிட்டு நிறுத்தினாலும் திரும்ப வரும், இடைவெளி விடாமல் பல மாதம் தொடர வேண்டும், சுவரோரங்களையும் கூண்டையும் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

வாங்கும்போது பிரிக்காத பெட்டி, உள்ளே முத்திரையோடு அலுமினியத் தாள், உங்கள் நாயின் எடைப் பிரிவு, தொகுதி எண், காலாவதி தேதி, இவ்வளவும் கண்ணால் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளிவரை கேட்கலாம். ரசீது இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் உரையாடல், பணம் மாற்றிய பதிவு, கிளினிக் பில், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நானும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மார்க்கர் பேனாவில் '3 புலான்' எழுதிய பை உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நாயை உடனே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள், பையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.