ஜப்பான் பழைய சைக்கிள்: திருகோணமலையில் இரண்டு வருடம் ஓடிப் பார்த்த பிறகு

2022 இல் பெற்றோல் வரிசையில் ஸ்கூட்டியை உருட்டி உருட்டி நின்ற நாட்களில்தான் சைக்கிள் எண்ணம் எனக்குத் திரும்ப வந்தது. பெற்றோலை அளவாகப் பங்கிடும் கியூஆர் முறை வந்து வரிசை குறைந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. அடுத்த வருடம் தை பிறந்ததும், ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய சைக்கிள்களை இறக்கி விற்கிற ஓர் இடத்தில் 38,000 ரூபாய் கொடுத்து ஒன்றை எடுத்தேன். 26 அங்குலச் சில்லு, பின் சில்லின் நடுவுக்குள்ளே மூன்று கியர், முன்னால் கம்பிக் கூடை, பின்னால் கரியர், பெண்கள் ஏறி இறங்க வசதியான தாழ்ந்த பார். பின் மட்காட்டில் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் பாதி உரிந்தபடி இருந்தது. அங்கே பள்ளிக்கூடங்கள் மாணவர்களின் சைக்கிளுக்கு ஒட்டிக் கொடுப்பதாம், விற்றவர் சொன்னார். யாரோ ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்த சைக்கிள். அந்த ஸ்டிக்கரை நான் இன்னும் உரிக்கவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். இது வேகமாக ஓடுகிற சைக்கிள் இல்லை. பாரமானது, நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட வேண்டும், எதிர்க்காற்றில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிதிக்க வேண்டியிருக்கும். ஆனால் நடக்கிறவர்கள், பிள்ளைகள், மாடு, மான், ஓட்டோ எல்லாம் ஒரே பாதையில் போகிற எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சைக்கிளை நான் ஓடியதில்லை. ஏன் என்று சொல்கிறேன், குறைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன், கந்தோர் உவர்மலைப் பக்கம். காலையில் நிலாவெளி வீதியால் நகரத்துக்குள் வந்து, பின்னேரம் வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகாமல் உட்துறைமுக வீதியால் ஒரு சுற்று, வெள்ளிக்கிழமை என்றால் டச்சுக் குடாப் பக்கமாகக் கோட்டை வாசல் வரைக்கும் போவேன். இந்தப் பாதையில் சைக்கிளுக்கென்று கோடு போட்டுப் பிரித்து விட்ட இடம் எனக்குத் தட்டுப்படவில்லை. நிலாவெளி வீதியில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற ஒடுங்கிய துண்டுதான் எங்களுக்கு, அதிலும் பாதி மணல். உட்துறைமுக வீதியில் ஐந்தரைக்குப் பிறகு பார்த்தால் சீனி வருத்தத்துக்கு நடக்கிறவர்கள், பிள்ளையை முச்சில்லு சைக்கிளில் வைத்துத் தள்ளுகிறவர்கள், தூண்டிலோடு நிற்கிற பெடியன்கள், கடலைப் பார்த்துக்கொண்டு மூன்று பேர் நான்கு பேராகக் கைகோத்துப் போகிறவர்கள் என்று நிரம்பியிருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் மெதுவாக ஓடினாலும் விழாமல் நிற்கிற சைக்கிள் வேண்டும். இது நிற்கும். நடக்கிற ஆளின் வேகத்துக்கே குறைத்து ஒருவர் பின்னால் ஐம்பது மீற்றர் போயிருக்கிறேன், ஹாண்டில் ஆடாது. சீற் தாழ்ந்திருப்பதால் இரண்டு காலும் நிலத்தில் முட்டும்.

பெல்லைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். சைக்கிளோடு வந்தது சின்ன பெல், கட்டைவிரலால் தட்டினால் ‘கிண்’ என்று ஒரே ஒரு சத்தம், கடல் இரைச்சலில் அது யாருக்கும் கேட்காது. 650 ரூபாய்க்கு இங்கேயே விற்கிற பெரிய வட்டத் தொப்பி பெல் ஒன்றை மாற்றினேன். மாற்றிய வாரமே உட்துறைமுக வீதியில் முன்னால் போன ஒரு ஐயாவுக்குக் கிட்டப் போய் அடித்தேன். அவர் திடுக்கிட்டு வலப்பக்கம் பாய, நானும் வலப்பக்கம் வெட்ட, ஒரு சாண் இடைவெளியில் நின்றேன். அவர் ஏசவில்லை. மூச்சு வாங்கியபடி, “பிள்ளை, கிட்ட வந்து அடிக்காதம்மா. தூரத்திலயே ஒருக்கா அடிச்சு விடு. கிட்ட அடிச்சா எந்தப் பக்கம் ஒதுங்கிறதெண்டு தெரியாது” என்றார். சரி ஐயா என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டே கொஞ்சத் தூரம் அவரோடு நடந்தேன். அன்றிலிருந்து பதினைந்து, இருபது அடிக்கு முன்னமே ஒரு தட்டு, பிறகு மிதிப்பதை நிறுத்தி உருள விடுவேன். திரும்பிப் பார்த்து ஒதுங்குகிறவருக்கு ஒரு தலையசைப்பு. காதில் இயர்போன் போட்டவர்களுக்கு எந்த பெல்லும் உதவாது, அவர்களைத் தாண்டும்போது வாய் திறந்து “அண்ணா, பக்கத்தால வாறன்” என்று சொல்வதுதான் வழி. இந்தச் சைக்கிளை வாங்குகிறவர்கள் முதல் நாளே பெல்லை மாற்றுங்கள்.

பிறேக் இரண்டு விதம். முன்னால் வழக்கமான றப்பர் கட்டை, ரிம்மைப் பிடிக்கும். பின்னால் பட்டைப் பிறேக். சில்லின் நடுவில் தகர மூடி போட்ட டப்பா மாதிரி ஒன்று தெரியும், அதற்குள் ஒரு உருளையைச் சுற்றிப் பட்டை இறுக்கிப் பிடிக்கும். நம்மூர் சைக்கிள்களில் அவ்வளவாகக் கிடையாது என்பதால் எல்லாக் கடையிலும் இதைத் தெரிந்து வேலை செய்ய மாட்டார்கள். பழசானால் இது ‘கீ’ என்று கத்தும். என்னுடையது கத்தத் தொடங்கியதும் ஒரு கடையில் காட்டினேன், சத்தம் போகட்டும் என்று உள்ளே ஒயில் விட்டுத் தந்தார்கள். சத்தம் போனது, பிறேக்கும் போனது. உவர்மலை இறக்கத்தில் பின் பிறேக்கை முழுக்க இழுத்தும் சைக்கிள் பாட்டுக்கு உருண்டது, முன் பிறேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, மதிலோரமாக ஒதுக்கித்தான் நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்க நேரம் எடுத்தது. பிறகு வேறோர் இடத்தில் ஒரு அண்ணன் டப்பாவைத் திறந்து காட்டினார், ஒயில் ஊறிய பட்டை கறுத்து மினுங்கிக்கொண்டு இருந்தது. கழற்றிப் போட்ட இன்னொரு ஜப்பான் சைக்கிளின் பட்டையைத் தேடி எடுத்துப் போட்டுத் தந்தார், கூலியோடு 1,500 ரூபாய். இப்போது திரும்பவும் லேசாகக் கத்துகிறது, கத்தட்டும். பட்டைப் பிறேக்குக்குள் ஒரு சொட்டு ஒயிலும் விட விடாதீர்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி மாரி மழையில் முன் பிறேக் நனைந்து பிடிக்கத் தாமதிக்கும் நேரத்திலும் பின்னது மூடிக்குள் இருப்பதால் எனக்கு அவ்வளவாகக் கைவிட்டதில்லை.

லைற்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. முன் சில்லின் நடுவிலேயே டைனமோ இருக்கிறது. அப்பாவின் சைக்கிளில் டயரில் உரசி ஓடுகிற டைனமோவைச் சாய்த்துவிட்டால் மிதிப்பு இரண்டு மடங்கு பாரமாகும், இதில் அந்தப் பாரம் தெரிவதே இல்லை. இருட்டுப் பட்டதும் தானாக எரியும். இரவில் நிலாவெளி வீதியில் மாடுகள் தார் றோட்டின் சூட்டுக்கு நடுவிலேயே படுத்துக் கிடக்கும், கறுப்பு மாடு என்றால் கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. இந்த லைற்றுக்குக் கண் இரண்டும் பச்சையாக மினுங்கி முன்னமே காட்டிக்கொடுத்துவிடும். குறை என்னவென்றால் நின்றால் லைற்றும் அணைந்துவிடும், பின்பக்கம் வெளிச்சம் பட்டால் மட்டும் மினுங்குகிற சிவப்பு வில்லைதான். புல்மோட்டைப் பக்கம் போகிற பஸ்கள் முதுகுக்குப் பின்னால் வருகிற வீதியில் அது போதாது. சீற்றுக்குக் கீழே பற்றரியில் மினுங்குகிற சிவப்பு லைற் ஒன்று பூட்டியிருக்கிறேன், 900 ரூபாய்.

மான்களைச் சொல்லாமல் இந்த ஊரில் சைக்கிள் ஓடுவதைப் பற்றி எழுத முடியாது. 1624 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, அதன் ஒடுங்கிய வாசலால்தான் கோணேசர் கோவிலுக்குப் போகிற சனம், வான், ஓட்டோ, சைக்கிள் எல்லாம் போக வேண்டும், அதே வாசலால்தான் புள்ளிமான்களும் வரும் போகும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பூசைக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் ஒரு மான் யாரோ நீட்டிய வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு நிற்கும். பெல் அடித்தால் மான் விலகாது, தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கும். ஒன்று பாதையைக் கடந்தால் பின்னால் இன்னும் வரும், குட்டி கடைசியில் வரும், அதனால் முதல் மான் போனதும் மிதிக்கத் தொடங்கக் கூடாது. நான் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். தாழ்ந்த பார் என்பதால் காலைத் தூக்கிப் போடாமல் சட்டென்று இறங்கலாம், கூடைக்குள் அர்ச்சனைத் தட்டும் பூவும் இருந்தாலும் சரிந்து விழாது. நிறுத்தினால் இரட்டைக் கால் ஸ்ராண்ட் நிமிர்ந்து நிற்கும், ஹாண்டிலுக்குக் கீழே ஒரு சின்னச் சுருள் கம்பி இருப்பதால் கூடைப் பாரத்துக்கு முன் சில்லு திரும்பிக்கொள்ளாது. மணலில் மட்டும் நிறுத்தாதீர்கள், ஸ்ராண்ட் புதைந்து சைக்கிள் விழும். கூடைக்குள் சாப்பாட்டுப் பொலித்தீன் பையை வைத்துவிட்டு அங்காலே போகவும் வேண்டாம். மான் மூக்கை விடும், பையையும் சேர்த்து விழுங்கும், அது அந்தச் சீவனுக்குக் கேடு.

உடுப்பு விசயம் ஆண்கள் கவனிக்க மாட்டார்கள். செயினை முழுக்க மூடிய கவர், பின் சில்லின் இரண்டு பக்கமும் மறைப்பு. சுடிதார் சோல் பின் சில்லுக்குள் போய் இழுபட்டு விழுந்தவர்களை எனக்குத் தெரியும், எனக்கு இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவையும் அப்படி நடக்கவில்லை. சேலையோடும் ஓடியிருக்கிறேன்.

மூன்று கியர் இங்கே தாராளமாகப் போதும். சமதரையில் இரண்டு, உவர்மலை ஏற்றத்துக்கு ஒன்று, கச்சான் காற்று பின்னால் இருந்து தள்ளுகிற நாளில் மூன்று. இடையில் கியர் வழுக்கினால் பயப்பட வேண்டாம், வயர் தளர்ந்திருக்கும். பிடியை இரண்டில் வைத்துவிட்டு, பின் அச்சுப் பக்கத்தில் உள்ள சின்னப் பெட்டியின் கண்ணாடிக்குள் பாருங்கள், கோடு இரண்டு அடையாளத்துக்கும் நடுவில் வரும்வரை வயர் திருகியைத் திருப்பினால் சரி. ஷிமானோ என்ற ஜப்பான் கொம்பனியின் உள்கியர் எல்லாவற்றுக்கும் இதே முறைதான் என்று நினைத்துவிடாதீர்கள், மூன்று கியர் வகைக்கு இதுதான்.

பெரிய எதிரி உப்பு. கடற்காற்று எதையும் விட்டு வைக்காது. முதல் வருடம் கவலையீனமாக முற்றத்தில் விட்டேன், கூடை முழுக்கத் துருப்பிடித்து அடிக்கம்பி கையோடு வந்துவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்குத் தையல் மெசின் ஒயில் விடுகிறேன். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது மணலைப் பிடித்து மாவாக அரைக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சீற் குழாயை வெளியே இழுத்து கிறீஸ் பூசிப் போடுங்கள். பூசாமல் விட்டால் உள்ளே இறுகிப்போய் பிறகு சுத்தியலாலும் அசையாது.

வாங்கும்போது கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். ரிம்மில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு, அதை விட்டுவிட்டு அலுமினிய ரிம் உள்ளதை எடுங்கள். அடுத்தது டயர் அளவு, பக்கவாட்டில் எழுதியிருக்கும். 26 × 1 3/8 என்றால் இங்கேயே கடையில் கிடைக்கும், நான் ஒரு தடவை மாற்றிவிட்டேன். 27 × 1 3/8 என்றால் இரண்டு தரம் யோசியுங்கள். தம்பி ஆசைப்பட்டு 27 அங்குலம் எடுத்தான், பின் டயர் வெடித்தபோது திருகோணமலையில் நாங்கள் போன கடை எதிலும் இல்லை, கொழும்பிலிருந்து ஒருவர் மூலம் எடுப்பிக்கும்வரை மூன்று வாரம் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. வால்வு நம்மூர் சைக்கிள் வால்வுதான், எந்தக் கடைப் பம்பாலும் காற்றடிக்கலாம். பின் சில்லில் உள்ள வளையப் பூட்டுக்குச் சாவி இருக்கிறதா, பூட்டித் திறக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சாவி இல்லாத பூட்டை அறுத்தெடுக்க வேறு காசு போகும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரம் படிக்கிறாள், ரியூசனுக்குப் போய்வர ஒன்று வேண்டும் என்று தாய் கேட்டிருக்கிறா. வருகிற சனிக்கிழமை மூன்று பேருமாகப் போகிறோம். காந்தமும், டயர் அளவு எழுதிய துண்டும் என் கைப்பைக்குள் இருக்கின்றன. பெல்லை நான் வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.